முத்தம்மாவை இடித்த வண்டி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ கோலில் பேசிக்கொண்டிருந்தபோது, உன் அம்மா போனைக் கொஞ்சம் திருப்பிவிட்டாள். பின்னால் ஷெட் காலியாகக் கிடந்ததை நீ பார்த்துவிட்டாய். வேன் எங்கே என்று கேட்டாய். கராஜில் விட்டிருக்கிறோம் என்று அவள் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். அது பொய். வேன் பொலிஸ் நிலைய வளவில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னவன் நான்தான். தீபாவளிக்கு நீ வரும்போது ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதற்கு முன் என் வாயால் நீ கேட்க வேண்டும். போனில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. நீ "அப்பா" என்று கூப்பிட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நான் மூடி ஒட்டப்போவதில்லை. ஒரு பிரதியை நம் தேயிலைத் தோட்டத்துச் சந்திக் கடையில் கொடுத்து, வாசிக்க விரும்புகிறவர்கள் வாசிக்கட்டும் என்று சொல்லப்போகிறேன். சந்தியில் எல்லோர் முன்னாலும் ஒரு மனிதனைப் பழித்தவன் நான். அதை வீட்டுக்குள் இருந்துகொண்டு துடைக்க முடியாது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். முடிவை முதலில் சொன்னால் நீ உடனே எனக்குச் சாதகமாகக் காரணம் தேடத் தொடங்குவாய். உன்னை எனக்குத் தெரியும்.

நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில், கிளீனர் பார்த்து முடித்த டயரை நான் மறுபடி குனிந்து தட்டிப் பார்ப்பேன். ஒருமுறை தேயிலைப் பெட்டிகளோடு கினிகத்தேனைப் பக்கம் இறங்கி, பொல்பிட்டிய வரைக்கும் போக வேண்டியிருந்தது. பிரேக் மிதித்தபோது கால் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாகப் போன மாதிரி இருந்தது. மெக்கானிக் சிரித்தான். தோட்டத்துத் துரையே வந்து, நேரமாகிறது எடு என்றார். நான் எடுக்கவில்லை. படுத்துப் பார்த்தபோது பின் சில்லுப் பக்கம் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கதையை உனக்கு வண்டி பழக்கும்போது எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீயும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் டிரைவர் ஆனாய். இன்றைக்குக் கொழும்பில் ஒரு கம்பனியின் ஆட்களை ஏற்றி இறக்குகிறாய். சந்தேகம் உயிரைக் காக்கும் என்று நான் சொன்னதை நீ இன்னும் நம்புகிறாய். நானும் நம்புகிறேன். ஆனால் அதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதில்தான் நான் தவறிவிட்டேன்.

இரண்டு வருடமாக வேனின் இடப்பக்கக் கதவில் கோடு கோடாகக் கீறல் விழுந்துகொண்டிருந்தது. முதல் கீறலை ஹட்டன் டவுனில் ஆட்டோ நிறுத்தும் பொடியன்கள் போட்டார்கள் என்று நினைத்தேன். மலை யாத்திரை சீசனில் நல்லதண்ணி ஊருக்கு ஆள் ஏற்றுவதில் அவர்களுக்கும் எனக்கும் கொஞ்சம் முறுகல் இருந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே நிறுத்தவே இல்லை. கீறல் நிற்கவில்லை. கோயில் பக்கம் புதிதாகக் கட்டிய மதில் ரோட்டுக்குள் தள்ளி வந்திருக்கிறது என்று கமிட்டியோடு சண்டை பிடித்தேன். நூல் பிடித்து அளந்து காட்டினார்கள். சரியாகத்தான் இருந்தது. அளந்தவனுக்குக் கமிட்டியில் சொந்தக்காரன் இருக்கிறான் என்று வீட்டில் வந்து உன் அம்மாவிடம் சொன்னேன்.

அவள் அந்தக் காலத்திலேயே வேனில் முன் சீட்டில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். முழங்கால் மடக்க முடியவில்லை, பின்னால் இடம் தாராளமாக இருக்கிறது என்றாள். பழைய கணக்கப்பிள்ளை, முப்பது வருடமாக என்னோடு டவுனுக்கு வந்த மனிதர், திடீரென்று பஸ்ஸில் போகத் தொடங்கினார். என் மேல் பொறாமை, அவருடைய மகன் இன்னும் வண்டி வாங்கவில்லை என்று நினைத்தேன். நீ வேறு அந்த மாதங்களில் தினமும் பின்னேரம் போன் எடுத்து, "அப்பா வீட்டுக்கு வந்துட்டாரா?" என்று அம்மாவிடம் கேட்பாய். வேனை விற்கச் சொல்லி மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம். அதில் பாதி உண்மை என்று இப்போது தெரிகிறது. அம்மாவும் கணக்கப்பிள்ளையும் பயந்துதான் இருந்தார்கள். பயப்படுகிறோம் என்று என்னிடம் சொல்லத்தான் பயந்தார்கள். நான் அப்படி ஒரு ஆளாகிவிட்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லைசன்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போனபோது, எனக்கு முன்னால் நின்றவர் எழுத்துகளைச் சத்தமாக வாசித்தார். நான் வரிசையில் நின்றபடியே அதை மனப்பாடம் செய்துகொண்டேன். கண்ணாடி போட்டால் எனக்கே தெரியும், அங்கே வெளிச்சம்தான் சரியில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து உன் அம்மாவிடம், ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை என்று பெருமையடித்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

சம்பவம் ஆடி மாதத்தில் நடந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பின்னேரம் ஐந்து மணி இருக்கும். நான் ஹட்டனிலிருந்து அம்மாவின் பிரஷர் மருந்தை வாங்கிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தேன். நமது தோட்டத்துக்குத் திரும்புவதற்கு முன் ரோடு வளைகிற இடம் இருக்கிறதே, சவுக்கு மரத்து முடக்கு, அங்கே பனி இறங்கியிருந்தது. நான் வேகமாக வரவில்லை. அதை இப்போதும் சத்தியமாகச் சொல்வேன். முடக்கில் திரும்பும்போது இடப்பக்கம் டப் என்று ஒரு சத்தம். காற்றுக்குச் சரிந்த சவுக்குக் கிளை கண்ணாடியில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வேனை நிறுத்தி, மடங்கிப் போயிருந்த இடப்பக்கக் கண்ணாடியைக் கையால் நிமிர்த்திவிட்டு, கிளையை வெட்டச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை என்று அம்மாவிடம் திட்டிக்கொண்டே தேநீர் குடித்தேன்.

அரை மணி நேரத்தில் லயத்து வீடுகளின் பக்கம் சத்தம் கேட்டது. முத்தம்மா முடக்கில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடக்கிறாள் என்று ஓடிவந்து சொன்னார்கள். முத்தம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். நீ குழந்தையாகத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருந்த காலத்தில் உனக்குப் பால் ஆற்றிக் கொடுத்தவள். அறுபத்தெட்டு வயது. கோயிலுக்குப் பூ வாங்கிக்கொண்டு ரோட்டோரமாக நடந்து வந்திருக்கிறாள். பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி தோளில் தட்டி, அவள் கானுக்குள் சரிந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வண்டி நிற்கவில்லை. நானும் ஓடினேன், தம்பி. அவளைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். என் வேனில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனோம். வழி முழுக்க, நிறுத்தாமல் போனவன் எவனோ அவன் கை விளங்காது என்று நான் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையிலேயே நான் துப்பறியத் தொடங்கிவிட்டேன். நாற்பது வருடம் ரோட்டில் கிடந்தவன், எனக்குத் தெரியாததா என்ற எண்ணம். அந்த நேரத்துக்கு அந்த முடக்கைக் கடந்து தோட்டத்துப் பக்கம் வருகிற வண்டிகள் எவை என்று விரல் விட்டு எண்ணினேன். பஸ் இல்லை. தோட்டத்து லொறி ஸ்டோருக்குள் நின்றது. மிச்சம் ஒன்றே ஒன்று, ரிஷாத்தின் பாண் ஆட்டோ. டவுன் பேக்கரியிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு காலையும் பின்னேரமும் பாண், பணிஸ் விற்க வருகிறானே, அவன். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான மனிதன். வயதானவர்கள் படியிறங்கி வரும் வரைக்கும் காத்து நிற்பான். அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன். அவன் வெளியாள் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. நம்மவன் ஒருவன் நிறுத்தாமல் போயிருக்க மாட்டான் என்று என் மனம் முதலிலேயே முடிவு கட்டிவிட்டது. மனதில் இருந்தது அதுதான்.

அன்று அவன் வந்து சந்தியில் நின்றபோது நான் நேராகப் போய் ஆட்டோவைச் சுற்றிப் பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடி உடைந்து, இன்சுலேஷன் டேப்பால் ஒட்டியிருந்தது. போதும் எனக்கு. நாலு பேர் கூடிவிட்டார்கள். எப்படி உடைந்தது என்று கேட்டேன். போன மாதமே டவுனில் ஒரு லொறி உரசியது என்றான். அப்படித்தான் சொல்லுவாய் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நான் அடிச்சா நிப்பாட்டாம போவேனா ஐயா? என்ட உம்மாவும் இந்த மாதிரி ரோட்டுலதானே நடக்கிறா," என்றான்.

பெற்ற உம்மாவை இழுக்காதே, உண்மையைச் சொல் என்று நான் சத்தம் போட்டேன். கூட்டத்தில் யாரோ, முத்தம்மாவுக்குப் பாட்டுச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லையாமே என்றார்கள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. இடித்த பிறகு பாட்டை நிறுத்திவிட்டு ஓடியிருப்பான் என்றேன். இடிப்பதற்கு முன்னாலும் பாட்டு கேட்டிருக்க வேண்டுமே என்று யாரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் பெரிய டிரைவர். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த உடைந்த கண்ணாடியைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன். நீ அதை நம்பர் பிளேட்டோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இந்த ஆட்டோவைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள் என்று எழுதினாய். அவனுக்குப் போன் எடுத்தும் ஏசினாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னை நம்பித்தானே செய்தாய். ரிஷாத் அடுத்த நாள் வந்தபோது பொடியன்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் அவனிடம் வாங்குவதை நிறுத்தினார்கள்.

பொலிஸார் வந்து பார்த்தார்கள். கண்ணாடி உடைந்திருப்பதை வைத்து மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னார். எனக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது. பாண் வாங்கித் தின்றிருப்பார் என்றேன். சரி, நானே நிரூபித்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். அந்த முடக்கில் ஓரமாக ஆள் நின்றால் எந்த டிரைவருக்கும் கட்டாயம் தெரியும், தெரியாமல் பட்டுவிட்டது என்று எவனும் தப்பிக்க முடியாது. அதைத்தான் காட்ட நினைத்தேன். ஒரு நாள் பகல், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உன் அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு முடக்குக்குப் போனேன். வேனைத் திருப்பத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். இறங்கிப் போய் முத்தம்மா விழுந்த இடத்தில் நில் என்றேன். அவள் குடையோடு இறங்கிப் போனாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஓட்டும்போது பார்ப்பது போலவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோடு தெரிந்தது, கான் கட்டு தெரிந்தது, அதற்கு அப்பால் தேயிலை தெரிந்தது. அவளைக் காணவில்லை.

"இன்னும் போய் நிக்கலையா?" என்று கத்தினேன்.

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்று அவள் குரல் வந்தது.

எங்கே என்று கேட்டேன். "இங்கதாங்க. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள். நான் தலையை இடப்பக்கம் திருப்பினேன். கான் கட்டின் மேல் சிவப்புக் குடையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். இருபது அடிகூட இருக்காது. மறுபடி ரோட்டைப் பார்த்தேன், இல்லாமல் போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் இருட்டு ஒன்றும் இல்லை, தம்பி. புகை இல்லை, மறைப்பு இல்லை. அந்த இடத்தில் ரோடும் கானும் சாதாரணமாக இருப்பது போலவே தெரிந்தது. ஆள் மட்டும் இல்லை. கண் அப்படி ஏமாற்றும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்றைய டப் என்ற சத்தம் அப்போது என் காதுக்குள் மறுபடி கேட்டது. நான் இறங்கவில்லை. உன் அம்மா வந்து ஏறினாள், இந்த முறை முன் சீட்டில். பிறகு நான், கிளை பட்டது என்று அன்றைக்குச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

"அடுத்த நாளே நான் வந்து பாத்தேன். அந்த மரத்துல ரோட்டுப் பக்கம் ஒரு கெளையும் இல்லைங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நாற்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள். அவள் என்னைச் சந்தேகித்தாள், அவள் சந்தேகம்தான் சரி. நான் ஊரையே சந்தேகித்தேன், ஒன்றும் சரியில்லை. அந்தக் கோபத்தில், பேசாமல் இருந்ததற்கு அவள் மேலேயே பாய்ந்தேன். சொன்னால் நீங்க கேட்டிருப்பீங்களா என்றாள். அன்று வேனை வீடு வரைக்கும் ஆட்கள் நடக்கிற வேகத்தில்தான் கொண்டுவந்தேன், அவள் இடப்பக்கம் பார்த்துச் சொல்லச் சொல்ல. அதுவே தவறு. அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்க வேண்டும்.

இனி எழுதப்போவதைத்தான் உனக்குச் சொல்ல எனக்கு அதிகம் வெட்கம். நான் உடனே பொலிஸுக்குப் போகவில்லை. நான்கு நாள் சும்மா இருந்தேன். முதல் நாளே இடப்பக்கக் கண்ணாடியையும் கதவையும் சோப் போட்டுக் கழுவினேன். மழையில் எல்லாம் எப்போதோ போயிருக்கும், ஆனாலும் கழுவினேன். ரிஷாத்துக்கு வயது இருக்கிறது, வேறு ரோட்டில் விற்றுக்கொள்வான் என்று நினைத்தேன். எனக்கு எழுபத்தொன்று, இந்த வயதில் கோர்ட் வாசல் மிதிக்க வேண்டுமா என்று நினைத்தேன். உன் வேலைக்கு ஏதாவது கெடுதல் வருமா என்றுகூட உன் பெயரை இழுத்து யோசித்தேன். உன் அம்மா எனக்குச் சோறு போட்டாள், மருந்து எடுத்துத் தந்தாள். ஐந்தாம் நாள் காலையில், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், வருகிறதானால் வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் போனோம்.

முத்தம்மா கட்டிலில் படுத்திருந்தாள். ஒப்பரேஷன் செய்து கம்பி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள், தன்னைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். பிறகு என்னைக் கிட்ட வரச் சொல்லி, மெதுவாகப் பேசினாள்.

"டிரைவரண்ணே, அந்தப் பாண்காரத் தம்பி இல்லைங்க. பாட்டே கேக்கல. எல்லாரும் சொல்றாங்கன்னு நானும் தலையாட்டிட்டேன். மனசு உறுத்துதுண்ணே. நீங்க சொன்னா பொலிஸ்ல கேப்பாங்க, போய்ச் சொல்லுங்க."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நான்தான் முத்தம்மா. என் வேன்தான்," என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்தாள். உன் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் விளங்கியது.

"ஏண்ணே நிப்பாட்டல?" என்றாள்.

தெரியவில்லை, கிளை என்று நினைத்தேன், கண்ணில் படவில்லை என்றேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாங்கள் வெளியே வரும் வரைக்கும் திரும்பவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா, கேட்கவில்லையா என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டேன் என்று அம்மா சொல்கிறாள்.

அங்கிருந்து நேராகப் பொலிஸுக்குப் போனோம். நான் தப்பாக நினைத்த அதே சார்ஜன்ட் எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வாக்குமூலம் எழுதிக்கொண்டார். லைசன்ஸைக் கொடுத்து, வேனையும் ஆள் அனுப்பி எடுத்து அங்கே நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். வழக்கு நடக்கிறது. எந்தத் தீர்ப்பு வந்தாலும் எனக்கு அது சரிதான். பின்னேரமே ரிஷாத்தின் வீட்டைத் தேடிப் போனேன். டவுனுக்குப் பின்னால், படிக்கட்டு ஏறிப் போக வேண்டும். அவன் வாசலில் நின்று, உள்ளே வரச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில், "எனத்துக்கு ஐயா இப்ப வந்தீங்க? சந்தியில வெச்சுத்தானே சொன்னீங்க, சந்தியில வந்து சொல்லுங்க," என்றான். நியாயம்தான். அடுத்த ஞாயிறு அதே சந்தியில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். மகனுக்கு நானே சொல்கிறேன், அதுவரை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். நான் பேசும்போது அவன் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. முடிந்ததும் பாட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இப்போது மறுபடி வருகிறான். எல்லா லயத்துக்கும் நிறுத்துகிறான், நம் வீட்டு வாசலில் நிறுத்துவதில்லை. பாண் வேண்டுமென்றால் அம்மா கோயிலடிக்குப் போய் வாங்கி வருகிறாள்.

இப்போது நான் நடக்கிறவன். ஒரு டிரைவரை இன்னொரு டிரைவர் எப்படிச் சந்தேகிப்பானோ, அப்படி ஒவ்வொரு வண்டியையும் சந்தேகித்துக்கொண்டு நடக்கிறேன். ஹோர்ன் அடிக்கிறவன் என்னைப் பார்த்துவிட்டான் என்று நினைப்பதில்லை. வண்டி எனக்கு எதிரே வரும்படி வலப்பக்கமாகத்தான் நடக்கிறேன். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள், அவர்களுக்கு எத்தனை வயது, என்ன மருந்து குடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பனி இறங்கினால் அம்மாவின் சிவப்புக் குடையைப் பிடிக்கிறேன். பஸ்ஸில் இரண்டு காலும் தரையில் படும் முன் கண்டக்டர் விசில் அடிப்பான், அதனால் இறங்கி முடியும் வரை கம்பியை விடுவதில்லை. அவன் ஏசினால் ஏசட்டும். இறங்கிய பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே போவதே இல்லை. முத்தம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், கைத்தடியோடு முற்றம் வரைக்கும் நடக்கிறாள். இதையெல்லாம் அவளுக்கும் சொல்ல ஆசை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

கடைசியாக, இதை எழுதியதற்கு முக்கியமான காரணம். பொலிஸார் சொல்லி, கண் கிளினிக்குக்குப் போனேன். அந்த டொக்டரம்மா ஒரு மெஷினில் என் தலையை வைத்து, புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்தச் சொன்னார். முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினார். இரண்டு கண்ணிலும், இடப்பக்கம் அதிகமாக, ஓரம் எல்லாம் கறுப்பாக இருந்தது. கண்ணுக்குள்ளே பிரஷர் கூடி, பார்வை ஓரத்திலிருந்து சாகிற வியாதி என்றார். வலிக்காது, நேராக இருப்பது கடைசி வரைக்கும் தெரியும், அதனால் ஆட்களுக்கு விளங்காதாம். போனதை மீட்க முடியாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாமாம். வரிசையில் நின்று எழுத்தை மனப்பாடம் செய்யாமல், அன்றைக்கே ஒழுங்காகக் காட்டியிருந்தால், என்று நான் ஆரம்பித்தேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல், உங்க குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் அப்பா ஞாபகம் வந்தார். உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. மலையில் வேலை முடிந்து வரும்போது அவர் கதவு நிலையில் மோதுவார். நடைபாதையிலிருந்து இடப்பக்கம் தடுக்கிக் கானுக்குள் விழுவார். குடித்துவிட்டு வருகிறார் என்று என் அம்மா சண்டை போடுவாள். நான் குடிக்கவில்லை என்று அவர் சொல்வார். யாரும் நம்பவில்லை. பதினாறு வயதில் நான் அவர் வாயை முகர்ந்து பார்த்திருக்கிறேன், தம்பி. வாசம் இல்லை. அப்போதும் நம்பவில்லை, எதையோ மென்று வாசத்தை மறைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். குடிகாரர் என்ற பெயரோடுதான் அவர் செத்துப்போனார்.

டொக்டரம்மா எழுதிக்கொண்டு, உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு மகன், நாற்பத்து நாலு வயது, வண்டி ஓட்டுகிறான் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதனால் இரண்டு வேலை செய். முதலில் ரிஷாத்துக்குப் போன் எடு. அவன் போனை வைத்துவிட்டாலும் மறுபடி எடு. அந்த வாட்ஸ்அப் குழுவிலும், நீ படம் போட்ட அதே இடத்தில், உன் பெயரோடு எழுது. அப்பா சொன்னார் என்று என் மேல் போடலாம், அது உண்மைதான், ஆனால் விசாரிக்காமல் போட்டது நீ.

இரண்டாவது, இந்தக் கிழமையே கண்ணைக் காட்டு. நேராகப் பார்த்து எழுத்து வாசிக்கிற பரிசோதனை போதாது, ஓரப் பார்வையையும் கண்ணின் பிரஷரையும் பார்க்கச் சொல். எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது அப்பா என்று நீ சொல்வாய். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. லீவு கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு வண்டியை எடுக்காதே. கதவில் கீறல் இருந்தால் யார் போட்டது என்று தேடாதே. ரோட்டோரத்தில் ஒரு ஆள் திடீரென்று முளைத்தது போல உனக்குத் தோன்றினால், ஒரே ஒரு தடவை தோன்றினாலும், வண்டியை ஓரம் கட்டிச் சாவியைக் கழற்றிவிடு. அந்த ஆள் திடீரென்று வரவில்லை, தம்பி. முதலிலிருந்தே அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார்.

அப்பா